செயின் ஸ்பிராக்கெட் பல் மாற்றி, குறைந்த ஆர்.பி.எம்.மில் வேகமாகப் போவது: வேலூர் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்துவாச்சாரியிலிருந்து ராணிப்பேட்டை சிப்காட், காட்பாடியிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிகள் என்று தினமும் நாலு வழிச் சாலையில் போய் வருகிற பலருக்கும் ஒரே குறை: "70ஐத் தாண்டினா இன்ஜின் கத்துது, கை மரத்துப் போகுது. ஸ்பிராக்கெட் மாத்தினா சரியாகுமா?" ஸ்பிராக்கெட் என்பது செயின் ஓடும் பல்சக்கரம்: இன்ஜின் பக்கம் ஒன்று, பின் சக்கரத்தில் ஒன்று. அதன் பல் எண்ணிக்கையை மாற்றினால் சிலருக்குச் சரியாகும். சிலருக்கு இருக்கிற இழுவையும் போய்விடும். யாருக்கு எது என்பதைக் கணக்கோடு பார்ப்போம்.

ஸ்பிராக்கெட் மாற்றினால் என்ன மாறுகிறது?

இன்ஜின் பவர் ஒரு துளிகூட மாறாது. கியர்பாக்ஸிலிருந்து வரும் சுற்று பின் சக்கரத்துக்குப் போகிற விகிதம்தான் மாறும். பின் ஸ்பிராக்கெட் பற்களை முன் ஸ்பிராக்கெட் பற்களால் வகுத்தால் வருவது அந்த விகிதம். முன்னால் 14, பின்னால் 42 என்றால் 3.00. கியர்பாக்ஸ் அச்சு மூன்று சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று.

இந்த எண் குறைந்தால் அதே வேகத்துக்கு இன்ஜின் குறைவாகச் சுற்றும், அதே அளவுக்கு இழுவையும் குறையும். எண் கூடினால் நேர் எதிர். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. "பிக்கப்பும் கூடும், ஸ்பீடும் கூடும்" என்று கடையில் சொன்னால் அந்த இடத்திலேயே கிளம்பிவிடலாம்.

மாற்றம் டாப் கியரில் மட்டும் நிற்காது, முதல் கியர் உட்பட எல்லாக் கியருக்கும் போகும். இதை மறந்துவிட்டு மாற்றுகிறவர்கள்தான் பின்னால் கிளட்ச் பிளேட்டுக்குச் செலவழிக்கிறார்கள்.

எந்தப் பக்கம் கூட்டணும், எந்தப் பக்கம் குறைக்கணும்?

குறைந்த ஆர்.பி.எம். (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) வேண்டுமென்றால் முன்னால் பல் கூட்டலாம், அல்லது பின்னால் பல் குறைக்கலாம். 14/42 போட்ட வண்டி டாப் கியரில் 80 கி.மீ. வேகத்தில் 6,000 ஆர்.பி.எம். ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

- 15/42: விகிதம் 2.80. அதே 80க்கு 5,600.
- 14/40: விகிதம் 2.86. சுமார் 5,715.
- 14/39: விகிதம் 2.79. சுமார் 5,570. முன்னால் ஒரு பல் கூட்டியதும் இதுவும் ஏறக்குறைய ஒன்று.
- 15/40: விகிதம் 2.67. சுமார் 5,335. 11 சதவீதம் குறைவு. 150 சிசிக்குக் கீழே உள்ள வண்டிகளுக்கு இது அதிகம்.

முன்னால் ஒரு பல் என்பது பின்னால் மூன்று பல்லுக்குச் சமம் என்று மெக்கானிக்குகள் வாய்க்கணக்காகச் சொல்வார்கள். விகிதம் 3க்குப் பக்கத்தில் உள்ள வண்டிகளுக்கு அது சரி. புல்லட் மாதிரி 2.2 பக்கம் ஓடும் வண்டிகளுக்கு ஒன்றுக்கு இரண்டு என்று வரும்.

உங்கள் வண்டியில் எத்தனை பல் என்று நெட்டில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரே பெயருள்ள வண்டிக்கே வருடத்துக்கு வருடம் பல் மாறியிருக்கிறது. முந்தைய ஓனர் மாற்றியும் இருக்கலாம். ஸ்பிராக்கெட்டின் முகத்திலேயே எண் குத்தியிருக்கும். அழுக்கில் தெரியாவிட்டால் ஒரு பல்லில் சாக்பீஸ் வைத்துவிட்டு எண்ணுங்கள்.

என் வண்டியில் ஆர்.பி.எம். மீட்டரே கிடையாது. எப்படிக் கணக்குப் போடுவது?

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியர் போடுங்கள். மேக்னெட் பக்கத்து இன்ஸ்பெக்‌ஷன் மூடியைத் திறந்தால் கிராங்க் நட்டு தெரியும். மூடியைத் திறக்கும்போது கொஞ்சம் ஆயில் வழிகிற வண்டிகளும் உண்டு, கீழே துணி போட்டுக்கொள்ளுங்கள். பின் சக்கரத்தைக் கையால் சரியாக ஒரு சுற்று சுற்றி, கிராங்க் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுங்கள். பத்து சுற்று என்று வைப்போம்.

அடுத்து சக்கரத்தின் சுற்றளவு. டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, தரையில் ஒரு கோடு. நீங்கள் மேலே உட்கார்ந்திருக்க, இன்னொருவர் ஒரு சுற்று தள்ளட்டும். 18 இன்ச் சக்கரத்துக்கு 1.9 மீட்டர் பக்கம் வரும்.

60 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 1,000 மீட்டர். 1,000ஐ 1.9ஆல் வகுத்தால் சக்கரம் 526 சுற்று. பத்தால் பெருக்கினால் இன்ஜின் 5,260 ஆர்.பி.எம். முன்னால் 14க்குப் பதில் 15 போட்டால் 14/15ஆல் பெருக்குங்கள்: 4,910. இந்த 350 சுற்று வித்தியாசம் காதுக்கும் கைக்கும் தெரியும். ஆனால் வேறு வண்டி ஓட்டுகிற மாதிரி ஆகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

டாப் ஸ்பீடு கூடுமா?

பெரும்பாலும் கூடாது. குறைவதுகூட உண்டு. இந்த விஷயத்தில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

வேகம் கூடக்கூட காற்றின் தடுப்பு ஏறிக்கொண்டே போகும். காற்றைத் தள்ளத் தேவையான பவர் வேகத்தின் மும்மடிக் கணக்கில் கூடும். 80லிருந்து 86க்குப் போக, அதாவது 7.5 சதவீதக் கூடுதல் வேகத்துக்கு, காற்றுக்கு மட்டும் சுமார் 24 சதவீதம் கூடுதல் பவர் வேண்டும். அந்தப் பவர் இன்ஜினில் ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மில்தான் கிடைக்கிறது. ஸ்பிளெண்டரில் அதிகபட்சப் பவர் 8,000த்தில், அதிகபட்ச டார்க் (சுற்றும் இழுவை) 6,000த்தில். பல்சர் 150ல் 8,500ம் 6,500ம். பழைய யூ.சி.இ. (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் உள்ள) இன்ஜின் கிளாசிக் 350ல் 5,250ம் 4,000மும்.

இப்போது உங்கள் வண்டி டாப் கியரில், சமதளத்தில், முழு ஆக்ஸிலரேட்டரில் அந்தப் பவர் ஆர்.பி.எம்.மைத் தாண்டி ஓடுகிறது என்றால் கம்பெனி கியரிங் குட்டையாக இருக்கிறது. ஒரு பல் கூட்டினால் டாப் ஸ்பீடு கொஞ்சம் ஏறும். அந்த ஆர்.பி.எம்.மையே எட்டாமல் மூச்சு வாங்குகிறது என்றால், பல் கூட்டியதும் இன்னும் கீழே, இன்னும் பவர் குறைந்த இடத்தில் நிற்கும். அப்போது ஐந்தாவது கியரைவிட நான்காவது கியரில் வண்டி வேகமாகப் போகும் வேடிக்கையைப் பார்க்கலாம்.

இந்த மாற்றம் 65–80 கி.மீ.யில் நிம்மதியாக, அதிர்வு குறைந்து ஓட்டுவதற்கு மட்டுமே. பந்தயத்துக்கு இல்லை.

என் வண்டி இதற்குத் தாங்குமா என்று செலவில்லாமல் தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. நீங்கள் வழக்கமாகப் போகிற வேகத்தில், டாப் கியரில், சமதளத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திறந்து பாருங்கள். கியர் குறைக்காமல் சுறுசுறுப்பாக 10 கி.மீ. ஏறினால் இழுவை மிச்சம் இருக்கிறது, ஒரு பல் கூட்டலாம். சத்தம் மட்டும் கூடி வண்டி யோசித்தால் விட்டுவிடுங்கள்.

இந்தச் சோதனையை வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் திசையில் செய்யுங்கள். வேலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 215 மீட்டர் உயரம், ஆம்பூர் 300க்கு மேல். கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் வழி முழுக்க மெதுவான ஏற்றம். ஆனி, ஆடியில் மேல்காற்றும் எதிரே அடிக்கும். வாலாஜா பக்கம் போய்ச் சோதித்துவிட்டு "சூப்பரா இழுக்குது" என்றால் இறக்கமும் பின்காற்றும் பேசுகின்றன, வண்டி இல்லை.

மைலேஜ்?

தனி ஆள், நாலு வழிச் சாலை, நிலையான வேகம் என்றால் கொஞ்சம் கூடலாம். டவுனுக்குள், அதாவது ஆற்காடு ரோடு, கிரீன் சர்க்கிள், காட்பாடி ரயில்வே மேம்பாலம் என்று விட்டு விட்டு ஓட்டுகிறவர்களுக்கு ஒன்றும் கூடாது. ஒவ்வொரு முறையும் கிளட்ச்சை இழுத்துப் பிடித்துக் கிளப்புவதால் குறையவும் செய்யும். மைலேஜுக்காக மட்டும் ஸ்பிராக்கெட் மாற்றுவதைவிட டயர் காற்றை வாரம் ஒரு முறை பார்ப்பது மேல்.

ஏலகிரி, ஜவ்வாது மலை ஏறுமா? டபுள்ஸ்?

150 சிசியும் அதற்கு மேலும், ஒரு பல் மட்டும் கூட்டியிருந்தால் ஏறும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் முன்பு இரண்டாவது கியரில் திரும்பிய சில இடங்களில் இப்போது முதல் கியர் கேட்கும். ஜமுனாமரத்தூர் பாதையிலும், பேரணாம்பட்டு–வி.கோட்டா மலைப்பாதையிலும் அதே கதைதான்.

100 சிசி வண்டியில் டபுள்ஸாக அடிக்கடி மலை ஏறுகிறவர்கள் பல் கூட்டவே வேண்டாம். பால் கேன், குடியாத்தம் லுங்கி மூட்டை, கேஸ் சிலிண்டர் என்று சுமை ஏற்றுகிறவர்களுக்கு எதிர்ப்பக்கம்தான் சரி: முன்னால் ஒரு பல் குறைப்பது. 13/42 என்றால் விகிதம் 3.23, இழுவை 7.7 சதவீதம் கூடும். ஆனால் முன் ஸ்பிராக்கெட் சிறுத்தால் செயின் இன்னும் கூர்மையாக வளைந்து ஓடும், இழுவிசையும் கூடும், செயின் ஆயுள் குறையும். ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) மேலுள்ள ரப்பரையும் உரசலாம். கழற்றிய கையோடு அதையும் பாருங்கள்.

டாப் கியரில் 35–40 கி.மீ.யில் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது தகரத்தில் சரளைக்கல் கொட்டுகிற மாதிரி சிலிண்டர் பக்கம் சத்தம் வந்தால் அது நாக்கிங். உடனே ஒரு கியர் குறையுங்கள். பல் கூட்டிய பிறகு பழைய பழக்கத்திலேயே சீக்கிரம் சீக்கிரம் கியர் ஏற்றுவதால் வருவது இது. சித்திரை வெயிலில், காற்றால் குளிரும் இன்ஜினில், இதைக் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் பிஸ்டனுக்கும் கிராங்க் பேரிங்குக்கும் கேடு. கியர் மாற்றும் வேகத்தை ஒவ்வொரு கியருக்கும் 3–5 கி.மீ. தள்ளிப் போடுங்கள்.

இன்ஜின் கத்துவதற்குக் காரணம் கியரிங்தானா? வேறு ஏதாவது இருக்குமா?

நல்ல கேள்வி, பலர் கேட்பதில்லை. ஸ்பிராக்கெட் வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

கிளட்ச் ஸ்லிப்: டாப் கியரில் ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் ஆர்.பி.எம். தாவுகிறது, வேகம் அப்படியே நிற்கிறது என்றால் பிளேட் தேய்ந்திருக்கிறது, அல்லது கேபிளில் பிளே (தளர்வு) இல்லை. லீவர் நுனியில் 10 மி.மீ. அளவு பிளே இருக்கணும். ஸ்லிப் ஆகிற வண்டியில் பல் கூட்டினால் ஒரு மாதத்தில் கிளட்ச் முடிந்துவிடும்.

பின் பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா? சென்டர் ஸ்டாண்டில் நியூட்ரலில் சக்கரத்தைச் சுற்றிவிட்டால் இரண்டு மூன்று சுற்றாவது தானாக ஓடணும்.

அதிர்வு மட்டும்தான் தொல்லை என்றால் இன்ஜின் மவுண்டிங் போல்ட், ஹேண்டில்பார் முனையில் உள்ள வெயிட், ஃபுட்ரெஸ்ட் ரப்பர் ஆகியவற்றை முதலில் பாருங்கள். ஒரு வெயிட் விழுந்திருந்தாலே கை மரத்துப் போகும்.

முன் ஸ்பிராக்கெட்டா, பின் ஸ்பிராக்கெட்டா? எதை மாற்றுவது?

முதல் முறை என்றால் முன். விலை குறைவு, வேலை குறைவு, பிடிக்காவிட்டால் அரை மணியில் பழையதைத் திரும்பப் போடலாம். முன் ஸ்பிராக்கெட் பெருத்தால் செயின் மெதுவான வளைவில் ஓடும், அதுவும் நல்லது. கூடுதலாக ஒரு நன்மை: 112 கண்ணி செயினும் 14 பல் ஸ்பிராக்கெட்டும் இருந்தால், 112 என்பது 14இன் எட்டு மடங்கு என்பதால் ஒரே பல்லில் ஒரே கண்ணிகளே திரும்பத் திரும்ப விழும். 15 பல் போட்டால் மாறி மாறி விழுந்து தேய்மானம் சமமாகப் பரவும்.

இடம் இருக்கிறதா என்பதுதான் முன்பக்கத்துச் சிக்கல். ஒரு பல் கூடினால் 428 செயினில் ஸ்பிராக்கெட்டின் விட்டம் சுமார் 4 மி.மீ. கூடும், அதாவது சுற்றிலும் 2 மி.மீ. கவர், இன்ஜின் வார்ப்பு, சில வண்டிகளில் பக்கத்திலேயே இருக்கும் கிளட்ச் ராடு இவற்றுக்கும் செயினுக்கும் நடுவே குறைந்தது 3 மி.மீ. இடைவெளி இருக்கணும். கையால் சுற்றும்போது உரசாத செயின் 70ல் ஆடும்போது உரசும். கவரின் உட்புறத்தில் பளபளவென்று ஒரு கோடு விழுந்திருந்தால் உரசுகிறது என்று அர்த்தம்.

5 சதவீதத்துக்கும் குறைவாக, நுணுக்கமாக மாற்ற விரும்புகிறவர்களுக்குப் பின் ஸ்பிராக்கெட். அங்கே ஒவ்வொரு பல்லும் சுமார் 2.4 சதவீதம்தான்.

எந்த ஸ்பிராக்கெட் வாங்குவது? கடையில் என்ன சொல்லிக் கேட்பது?

வண்டியின் மாடல், வருடம், செயின் அளவு, வேண்டிய பல் எண்ணிக்கை ஆகிய நான்கையும் சொல்லிக் கேளுங்கள். பழையதைக் கையில் கொண்டுபோவது இன்னும் நல்லது. செயினின் பக்கத் தகட்டில் 428 அல்லது 520 என்று குத்தியிருக்கும். 428க்கு, கண்ணிகளைக் கோக்கும் ஓர் ஆணியிலிருந்து அடுத்த ஆணிக்குத் தூரம் 12.7 மி.மீ., 520க்கு 15.875 மி.மீ. ஒன்றின் ஸ்பிராக்கெட் இன்னொன்றுக்குச் சேராது.

ஸ்பிளைன் (அச்சில் பொருந்தும் உள்வரிப் பள்ளங்கள்) எண்ணிக்கை, நடு ஓட்டையின் அளவு, தடிமன், ஒரு பக்கம் எழும்பியிருக்கும் காலர் இவை நான்கும் பழையதோடு ஒத்துப்போகணும். ஸ்பிளைனில் உட்கார வைத்து ஆட்டினால் ஆடக்கூடாது. ஒரே கம்பெனியின் இன்னொரு மாடல் ஸ்பிராக்கெட் பல நேரம் பொருந்தும். கடைக்காரர் சொன்னாரென்று நம்பாமல் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்.

வேலூர் கடைகளில் கம்பெனி அளவு எளிதாகக் கிடைக்கும். ஒரு பல் கூடக் குறைய வேண்டுமென்றால் சொல்லிவைத்து வரவழைக்கணும், அல்லது சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போய்த் தேடணும். கிடைக்கவில்லை என்று வேறு ஸ்பிராக்கெட்டின் நடுவை லேத்தில் வெட்டி, பழையதன் நடுவை வெல்டிங் வைத்துத் தரும் வேலைக்குப் போகவே போகாதீர்கள். வெல்டிங் சூட்டில் பல்லின் கடினம் போய்விடும். வெல்டிங் விட்டால் ஓட்டத்திலேயே செயின் சுருண்டு சக்கரத்தைப் பூட்டும்.

பழைய செயினோடு புது ஸ்பிராக்கெட் போடலாமா?

அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். செயினை இழுத்துப் பிடித்து 20 கண்ணி நீளத்தை, ஆணியின் நடுவிலிருந்து ஆணியின் நடுவுக்கு, ஸ்கேலில் அளங்கள். 428 புதுச் செயினில் 254 மி.மீ. இருக்கும். 256.5ஐத் தாண்டினால் புது செயின் செட்டுக்குப் பணம் சேர்க்க ஆரம்பியுங்கள். 259 என்றால் செயினின் காலம் முடிந்தது.

நீண்ட செயின் புதுப் பல்லில் சரியாக உட்காராது. பல்லின் நுனியில் ஏறி ஏறி, சில ஆயிரம் கி.மீ.யில் புது ஸ்பிராக்கெட்டையும் கொக்கி மாதிரி வளைத்துவிடும். சும்மா சோதனைக்கு ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பதென்றால் பரவாயில்லை. நிரந்தரமென்றால் செயின், முன், பின் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். எப்படியும் செயின் செட் மாற்றும் நேரத்தில் இந்தப் பல் கணக்கைச் செய்வதுதான் புத்திசாலித்தனம்.

முன் ஸ்பிராக்கெட்டை எப்படி மாற்றுவது?

1. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, சாவியை எடுத்துவிடுங்கள். இன்ஜின் ஓட, கியரில் போட்டு, செயினைக் கையால் தொடும் வேலை எந்தக் கட்டத்திலும் வேண்டாம். விரல் போனவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

2. முன் கவரைக் கழற்றி, உள்ளே கெட்டியாகியிருக்கும் மண்ணும் கிரீஸும் கலந்த அழுக்கை மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்துச் சுத்தம் செய்யுங்கள். பாலாற்றுப் பக்கம் ஓடும் வண்டிகளில் இது மணல் கலந்த பசையாக இருக்கும். ஷாஃப்ட் ஆயில் சீலில் கசிவு இருந்தால் இப்போதே மாற்றுங்கள். இன்னொரு முறை கழற்றும் வேலை மிச்சம்.

3. செயினைக் கழற்றும் முன்பே ஸ்பிராக்கெட்டைத் தளர்த்துங்கள். இரண்டு வகை வரும். 10 ஸ்பேனர் போல்ட் இரண்டும் ஒரு தகடும் இருந்தால், போல்ட்டை எடுத்துத் தகட்டை லேசாகத் திருப்பினால் ஸ்பிளைன் பள்ளத்திலிருந்து வெளியே வரும். நடுவில் பெரிய நட்டு இருந்தால், மடித்திருக்கும் லாக் வாஷரை உளியால் நிமிர்த்தி, ஒருவர் பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, நீளப் பிடியுள்ள பாக்ஸ் ஸ்பேனரால் திறக்கணும். நட்டின் மேல் உளி வைத்து அடிக்காதீர்கள்.

4. பின் ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் திருப்பிச் சக்கரத்தை முன்னால் தள்ளுங்கள். செயின் லாக்கை எடுத்துச் செயினைப் பிரியுங்கள். லாக் இல்லாமல் ரிவெட் அடித்த செயினில் சக்கரத்தை முழுக்க முன்னால் தள்ளினாலே பல நேரம் போதும்.

5. ஸ்பிளைனில் மெல்லிய கிரீஸ் தடவிப் புதுசை ஏற்றுங்கள். காலர் பழையது இருந்த பக்கமே இருக்கணும். திருப்பிப் போட்டால் செயின் கோடு சில மி.மீ. விலகி, இரண்டு ஸ்பிராக்கெட்டும் ஒரு பக்கமாகத் தேயும். 6 மி.மீ. போல்ட்டுகளுக்கு 10–12 நியூட்டன் மீட்டர் போதும். அதற்கு மேல் போனால் மரை உருவும். பெரிய நட்டுக்கு உங்கள் வண்டி மேனுவலில் உள்ள அளவு. லாக் வாஷர் கட்டாயம் புதுசு.

6. செயின் லாக் கிளிப்பின் மூடிய முனை, செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்கணும். எதிராகப் போட்டால் கல்லோ குச்சியோ பட்டுக் கிளிப் கழன்றுவிடும்.

7. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நாலைந்து இடத்தில் தொய்வைப் பார்த்து, எங்கே இறுக்கமோ அங்கே வைத்து அட்ஜஸ்ட் செய்யுங்கள். பெரும்பாலான கம்யூட்டர் வண்டிகளுக்கு 20–30 மி.மீ. மேலும் கீழும் ஆட்டம். சரியான அளவு ஸ்விங் ஆர்ம் ஸ்டிக்கரிலோ மேனுவலிலோ இருக்கும். அட்ஜஸ்டர் கோடுகளை மட்டும் நம்பாமல், ஸ்விங் ஆர்ம் போல்ட் நடுவிலிருந்து ஆக்ஸில் நடு வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து சமப்படுத்துங்கள்.

8. ஆக்ஸில் நட்டை இறுக்கி, பிரேக் ராடைச் சரிசெய்து, பிரேக் லைட் எரிகிறதா என்று பாருங்கள். சக்கரம் நகர்ந்ததால் டிரம் பிரேக் பிளே மாறியிருக்கும். இதை மறந்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

200 கி.மீ. ஓடியதும் தொய்வையும் போல்ட்டுகளையும் இன்னொரு முறை பாருங்கள்.

பின் ஸ்பிராக்கெட் மாற்றும்போது?

சில வண்டிகளில் சக்கரம் மட்டும் தனியாக வரும், ஸ்பிராக்கெட் ஸ்லீவ் நட்டோடு ஸ்விங் ஆர்மிலேயே நிற்கும். சக்கரத்தைக் கழற்றியதும் டேம்பர் ரப்பரை (சக்கரத்துக்கும் ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவே அதிர்ச்சி வாங்கும் ரப்பர்) பாருங்கள். ஸ்பிராக்கெட்டைக் கையால் முன்னும் பின்னும் திருகினால் தளதளவென்று ஆடினால் ரப்பர் போயிற்று. நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்கி, லாக் வாஷரை மடியுங்கள்.

செயின் நீளம் போதுமா? கண்ணி சேர்க்கணுமா?

வழக்கமான 428 செயின் வண்டிக்கு: முன்னால் ஒரு பல் கூடினால் பின் சக்கரம் சுமார் 3 மி.மீ. முன்னால் போகும். பின்னால் இரண்டு பல் குறைந்தால் சுமார் 7 மி.மீ. பின்னால் வரும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் சுமார் 4 மி.மீ. பின்னால். அட்ஜஸ்டரில் இதற்கு இடம் இருந்தால் கண்ணியைத் தொட வேண்டாம். புதுச் செயினோடு முன்பல்லும் கூட்டும்போதுதான் இடம் போதாமல் போகும், அப்போது இரண்டு கண்ணி நீளமான செயின் வாங்குங்கள். ஒற்றைப்படையில் கண்ணி சேர்க்க ஆஃப்செட் கண்ணி (ஒரு முனை குறுகி மறுமுனை அகன்ற தனிக் கண்ணி) போடுவது பலவீனம்.

ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டுமா?

முன் சக்கரத்திலிருந்து கேபிளோ சென்ஸாரோ வருகிற வண்டிகளில் ஒன்றும் மாறாது. கியர்பாக்ஸ் அச்சுப் பக்கம் சென்ஸார் உள்ள வண்டிகளில் மாறும்: 14ஐ 15 ஆக்கினால், முன்பு 60 காட்டிய அதே நிஜ வேகத்தில் இப்போது 56 காட்டும். ஓடிய கி.மீ.யும் குறைவாக விழும், சர்வீஸ் தள்ளிப்போகும். மைலேஜ் கணக்கும் தப்பாக வரும். உண்மையில் கூடியிருந்தாலும் குறைந்ததாகத் தெரியும்.

ஏ.பி.எஸ். சக்கர வேகத்தை நேராகப் படிப்பதால் அதற்குப் பாதிப்பில்லை.

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டுக்கு?

இதில் பின் ஸ்பிராக்கெட் 38 பல், பிரேக் டிரம்மோடு ஒரே வார்ப்பு. அதனால் மாற்ற முடிவது முன்பக்கம் மட்டும்தான். 17ஐ 18 ஆக்கினால் விகிதம் 2.24லிருந்து 2.11க்கு வரும், ஆர்.பி.எம். 5.6 சதவீதம் குறையும்.

ஆனால் அந்த முன் ஸ்பிராக்கெட் கிளட்ச்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. பிரைமரி கவர், ஆயில், ஆல்டர்னேட்டர், கிளட்ச், பிரைமரி செயின், உள்கவர் எல்லாம் இறங்கணும். கிளட்ச் பிளேட் அல்லது பிரைமரி செயின் வேலை வரும்போது சேர்த்துச் செய்வதே லாபம். கவர் கேஸ்கெட், ஆயில் சீல் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிராக்கெட்டுக்குப் பதில் பெரிய டயர் போட்டால்?

அதுவும் கியரிங் மாற்றம்தான். 100/90-17 இருந்த இடத்தில் 110/90-17 போட்டால் விட்டம் 612லிருந்து 630 மி.மீ. ஆகும், கிட்டத்தட்ட 3 சதவீதம். ஆனால் எடை கூடும், செயின் கவரில் உரசலாம், ரிம் அகலம் ஒத்துவரணும். ஏற்கெனவே பெரிய டயர் போட்டிருப்பவர்கள் அதையும் கணக்கில் சேர்க்காமல் பல் கூட்டினால் இரட்டை அடி.

ஸ்கூட்டருக்கு?

செயினே இல்லை. வேரியேட்டர், ரோலர் எடை என்று அது வேறு கணக்கு.

மாற்றிய பிறகு சத்தம் வருகிறது. எங்கே பார்ப்பது?

சீராக "உய்ங்" என்றால் செயின் அளவுக்கு மேல் இறுக்கம். ஆள் உட்கார்ந்ததும் செயின் கம்பி மாதிரி நிற்கிறதா பாருங்கள்; அப்படி ஓட்டினால் கியர்பாக்ஸ் அச்சு பேரிங் போகும். விட்டு விட்டு "டக் டக்" என்றால் இறுகிப்போன ஒரு கண்ணி, அல்லது செயின் தேய்மானம். வேகம் விடும்போது மட்டும் அடித்தால் தொய்வு அதிகம், அல்லது டேம்பர் ரப்பர். உரசும் சத்தம் என்றால் முன் கவர்.

எண்ணெய் 500 கி.மீ.க்கு ஒரு முறை, 90 கிரேடு கியர் ஆயில். ஓட்டி முடித்துச் செயின் சூடாக இருக்கும்போது உள்பக்க விளிம்பில் சொட்டு விட்டு, அரை மணி கழித்து மேல்பக்கத்தை நன்றாகத் துடைத்துவிடுங்கள். வழிகிற எண்ணெயில் மணல் ஒட்டினால் அது தேய்ப்புப் பசை. ஓ-ரிங் (ஆணிகளில் ரப்பர் வளையம் உள்ள) செயினைப் பெட்ரோலில் கழுவாதீர்கள்.

ஆர்.டி.ஓ., வாரண்டி பிரச்சினை வருமா?

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. ஸ்பிராக்கெட் பல் எண்ணிக்கை ஆர்.சி.யில் பதிவாகும் விவரம் இல்லை. ஆனால் வாரண்டி உள்ள வண்டியில் கிளட்ச், கியர்பாக்ஸ் கோளாறு வந்தால், மாற்றின ஸ்பிராக்கெட்டைக் காட்டி சர்வீஸ் சென்டர் மறுக்கலாம். வாரண்டி முடியும்வரை பொறுப்பது நல்லது.

மாற்றியாச்சு. வைத்துக்கொள்வதா, திருப்புவதா என்று எப்படி முடிவெடுப்பது?

வழக்கமான சுமையோடு வேலூரிலிருந்து பள்ளிகொண்டா தாண்டி ஆம்பூர் வரை ஒரு முறை போய்விட்டு வாருங்கள். டாப் கியரில் மேம்பால ஏற்றங்களை வேகம் விழாமல் ஏறினால் சரி. ஒவ்வொரு மேம்பாலத்துக்கும் நான்காவது கியர் கேட்டால், லாரியை முந்த ஒவ்வொரு முறையும் கியர் குறைத்தால், இந்தக் கியரிங் உங்கள் ஓட்டத்துக்கு ஒத்துவரவில்லை. டவுனில் கிளம்பும்போது கிளட்ச் வாடை வந்தாலும் அப்படித்தான்.

பழைய ஸ்பிராக்கெட்டை எறிந்துவிடாமல் எண்ணெய் தடவி, பேப்பரில் சுற்றி, பல் எண்ணிக்கையை மேலே எழுதி வையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குகிறவரிடம் பல் மாற்றியதைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த செயின் செட் வாங்கும்போது, வந்த செயின் நீளம் ஏன் சேரவில்லை என்று அவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.